நின்றபடியே வருகிறவர்கள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்த சில வருடங்களிலேயே அது புழக்கத்திலிருந்து போய்விட்டது. எல்லோருக்கும் அவர் செக்கர்தான். மனைவியின் தம்பிகூட மச்சான் என்று கூப்பிடாமல், "செக்கர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவான்.

அந்த வேலை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டிக்கெட் இல்லாதவரை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இவரைக் கண்டதும் திடீரென்று தூங்கிப்போகிறவர், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லாத இடத்தை உற்றுப் பார்க்கிறவர், கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைத் தட்டிக்கொள்கிறவர், இப்படி அவரிடம் ஒரு பெரிய கணக்கு இருந்தது. "என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார். சும்மா பீற்றிக்கொள்வதில்லை, உண்மையாகவே அப்படித்தான். எதிரில் இருப்பவர் அழுதாலும், சிரித்தாலும், சட்டம் பேசினாலும், கடைசியில் பையில் டிக்கெட் இருக்கும் அல்லது இருக்காது. அதோடு விஷயம் முடிந்தது. அந்த முடிவு அவருக்குப் பிடிக்கும்.

வீட்டிலும் அதே பழக்கம். "கேஸை அணைச்சிட்டேன்" என்று மனைவி சொன்னால், "சரி" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆரம்பத்தில் மனைவிக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்பட்டுச் சலித்துப்போய்விட்டது.

ஓய்வு பெற்றதும் வீட்டில் இருந்த எல்லாமே அவருடைய சோதனைக்கு உள்ளாயின. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதி, குழாய்களின் திருகு, அலமாரிப் பூட்டு, மச்சினன் நிஜமாகவே வேலை தேடுகிறானா என்பது உள்பட. மனைவி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலையில் இருந்தார். அங்கே வழக்கமாக வருகிற ஓர் அம்மாள் ஊரின் பெரிய தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாளர். அவர் கண்ணாடியைச் சரிசெய்து கொடுக்கும்போது மனைவி மனம்விட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கேட் கிடைச்சாப் போதும் மேடம். எங்க உயிரை எடுக்கிறதை விட்டுடுவாரு."

கேட் கிடைத்தது.

அகலமான இரும்புக் கதவு, பக்கத்தில் ஆள் மட்டும் நுழைகிற சின்னக் கதவு, ஒரு கூண்டு அறை, ஒரு மின்விசிறி. உள்ளே வளைந்து வளைந்து போகிற சிமெண்டுப் பாதைகள், ஒரு குளம், புல்வெளி, நடுவில் வெளிநாட்டுச் செடிகள் வளர்க்கிற கண்ணாடி வீடு. பைகளில் கத்தரி இருக்கிறதா, கையில் பந்து இருக்கிறதா, வண்டி எதுவும் உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பதுதான் செக்கரின் வேலை. சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. அப்புறம்தான் ஒரு காலையில் மேடம் கூண்டு அறைக்கு வந்தார்.

"இனிமே அந்த ரெண்டு சக்கர வண்டி வந்தா நிறுத்தாதீங்க. ஒரு பலகைமேல நின்னுக்கிட்டு, முன்னாடி கம்பைப் பிடிச்சுக்கிட்டே போவாங்களே, அது."

"உள்ள வண்டி கூடாதுன்னு போர்டு இருக்கே மேடம்?"

"அது சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும். நடக்க முடியாதவங்க இதுல வந்தா, இது வண்டி இல்ல. அவங்க கால் மாதிரி. புது விதி."

"நல்லா நடக்கிறவன் ஜாலிக்கு ஓட்டிக்கிட்டு வந்தா?"

"அப்போ வண்டி."

செக்கர் திருதிருவென்று விழித்தார். "ரெண்டும் ஒரே வண்டிதானே மேடம்?"

"ஒரே வண்டிதான்."

"எது கால், எது வண்டின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க வேண்டாம். 'உங்க உடல்நிலைக்காக இது தேவைப்படுதா'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. ஆமான்னா விட்டுடுங்க."

"சரி. அப்புறம் டாக்டர் சீட்டை வாங்கிப் பார்க்கணும்."

"வேண்டாம். அவங்களா ஏதாவது அட்டை காட்டினா பாருங்க. இல்லாட்டி வாயால சொன்னாலே போதும்."

"என்ன வியாதின்னு...?"

"கேக்கவே கூடாது."

"பொய் சொன்னா மேடம்?"

"வேகமா ஓட்டினா, யாரையாவது இடிச்சா, வெளிய அனுப்பலாம். உடம்பு விஷயத்துல அவங்க சொல்றதை நம்பித்தான் ஆகணும்."

மேடம் போன பிறகு செக்கர் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். கதவு வைத்திருக்கிறார்கள், கதவுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், அந்த ஆள் எதையும் பார்க்கக் கூடாது என்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலில் வந்தவர் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. ஸ்கேலை நட்டு வைத்ததுபோல முதுகு நேராக இருந்தது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து கதவருகே நின்றார். பலகையின் உயரத்தால் செக்கரைவிட ஒரு தலை உயரமாகத் தெரிந்தார்.

"உங்க உடல்நிலைக்காக இது தேவைப்படுதுங்களா?" செக்கர் ஒப்பித்தார்.

"ஆமாங்க."

அதோடு விட்டிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லாத்தானே நிக்கிறீங்க?"

நகரத் தொடங்கிய வண்டி நின்றது. அந்த அம்மாள் திரும்பவில்லை. வண்டியோடு சேர்ந்து முழுசாகச் சுழன்று அவரைப் பார்த்தார். "நிக்கத்தாங்க முடியுது. இடுப்பு எலும்பு ஒட்டிப்போச்சு, மடங்காது. உக்கார முடியாது. தெருமுனை வரைக்கும் நடந்தாலே அன்னைக்குப் பூரா வலி. நிக்கலாம், படுக்கலாம். படுத்துக்கிட்டே தோட்டத்தைச் சுத்திப் பார்க்க முடியாதில்லையா?"

செக்கருக்கு உதவி செய்யும் எண்ணம் பொங்கிவிட்டது. "உள்ள வீல்சேர் இருக்குங்க. கொண்டு வரச் சொல்லட்டுமா? அதுல உக்காந்து..."

"இப்பத்தானே சொன்னேன்?"

செக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லவேளை, அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பள்ளியில் கணக்கு டீச்சராம். "வகுப்புல நாள் முழுக்க உக்காரவே மாட்டேன். பிள்ளைங்க அதைப் பார்த்துத்தான் என்கிட்ட அவ்வளவு பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டு லேசாக முன்னால் சாய்ந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

டீச்சரை செக்கர் நம்பினார். ஆனால் அவர் சொன்னதால் அல்ல. குழாயடியில் இறங்கும்போது இரண்டு காலையும் ஒரு மரப்பொம்மைபோலப் பின்னால் எடுத்து வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததால்தான்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் திரும்பி வந்தார். கண்ணாடி வீட்டு வாசலில் தோட்டக்காரர், அங்கே தொங்கிய 'வண்டி கூடாது' போர்டைக் காட்டித் தடுத்துவிட்டாராம். உள்ளே பாதை ஈரம், வளைவு வேறு, வண்டி வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். அது நியாயம்தான் என்று செக்கருக்கும் பட்டது. ஆனால் எல்லோரையும் கண்ணாடி வீட்டு வாசலுக்கு அழைத்துப்போன மேடம் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"ஆபத்துன்னு நாமளா நினைச்சா போதாது. உண்மையாவே ஆபத்து இருந்தாத்தான் தடுக்கலாம். யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்லணும்."

"நானே ஓட்டிப் பார்க்கிறேனே" என்றார் டீச்சர்.

"வேண்டாங்க. நிஜமாவே வழுக்கிட்டா? விழுந்தா எழுந்திருக்கிற ஆள் வேணும்."

தோட்டக்காரர் அந்த வண்டியையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று நழுவிவிட்டார். சோதனை என்ற சொல் காதில் விழுந்ததுமே செக்கருக்குக் கை பரபரத்தது. "நான் ஏறுறேன்" என்றார்.

டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செக்கர் ஒரு காலைப் பலகையில் வைத்தார். அது உயிருள்ளது போலத் துள்ளியது. மறு காலையும் வைத்ததும் முன்னும் பின்னும் கிடுகிடுவென ஆட ஆரம்பித்தது.

"கீழ பார்க்காதீங்க! தூரத்துல பாருங்க" என்றார் டீச்சர். "அதைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்காதீங்க. அது தானா நிக்கும். நீங்கதான் ஆட்டுறீங்க."

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க!"

"குதிகாலை அழுத்துறீங்க."

செக்கர் பயந்து பின்னால் சாய்ந்தார். வண்டியும் பின்னால் போயிற்று. அவர் இன்னும் பயந்து இன்னும் சாய்ந்தார். அது இன்னும் வேகமாகப் பின்னால் போய், ஒரு பெரணிப் புதருக்குள் அவரை ஏற்றிவிட்டு ஓய்ந்தது. தலையில் இலைகளோடு அவர் எழுந்தபோது மேடம் வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டாவது முறை ஏறியபோது ஓரளவு பிடிபட்டது. எப்படிப் பிடிபட்டது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கண்ணாடி வீட்டை முழுக்கச் சுற்றினார். பாதையில் ஒன்றும் ஆகவில்லை. சிறிய நீர்த்தொட்டியை ஒட்டிய ஒரே ஒரு வளைவில், பாசியில் சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. அந்த வளைவில் மட்டும் ரப்பர் விரிப்புப் போட்டார்கள். கண்ணாடி வீட்டு வாசலில் தொங்கிய பழைய போர்டைக் கழற்றிவிட்டார்கள். இத்தனை வருடங்களாக யாருமே ஓட்டிப் பார்க்காமல் அந்த போர்டு ஏன் அங்கே தொங்கியது என்று செக்கர் தோட்டக்காரரைக் கேட்டார். "நான் வர்றதுக்கு முன்னாடியே தொங்கிச்சு" என்றார் அவர்.

இதெல்லாம் சரிதான். ஓட்டிப் பார்த்தால் விடை கிடைக்கிற விஷயம். செக்கரைப் படுத்தி எடுத்தது சிவப்புச் சட்டைதான்.

அவன் ஓர் இளைஞன். காதில் பாட்டு, முகத்தில் சிரிப்பு, அதே மாதிரி ஒரு வண்டி. செக்கர் கேள்வியைக் கேட்டார். அவன் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் பனைமர உச்சியைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. சட்டைப்பையை ஒருமுறை தட்டிக்கொண்டான். "ஆமா" என்றான்.

செக்கரின் உடம்பு முழுக்க மணி அடித்தது. ஆனால் விதி விதிதான். கதவைத் திறந்துவிட்டார். பிறகு தோட்டக்காரரைக் கதவருகே நிறுத்திவிட்டு, மரங்களின் மறைவில் அவன் பின்னாலேயே போனார்.

புல்வெளியில் அவன் வண்டியை பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தான். சாதாரணமாக நடந்தான். ஒரு குழந்தையின் தொப்பி காற்றில் பறந்து வாய்க்காலின் அந்தப் பக்கம் விழுந்தது. அவன் ஓடிப்போய் வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டி, தொப்பியை எடுத்துக்கொண்டு, திரும்பவும் ஒரு தாவு தாவி வந்தான். செக்கருக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்!

"குதிச்சான் மேடம்! ரெண்டு தடவை!"

"யாரையாவது இடிச்சானா?"

"இல்ல."

"வேகமா ஓட்டினானா?"

"மெதுவாத்தான் ஓட்டினான். ஆனா குதிச்சான்!"

மேடம் பேனாவை மேஜையில் வைத்தார். "சில பேருக்கு இன்னைக்கு முடியும், நாளைக்கு முடியாது. சில பேருக்குக் கால் நல்லா இருக்கும், மூச்சு வாங்கும். இல்ல, இதயம். இல்ல, நடந்தா தலை சுத்தும். அவனுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கு உரிமையும் இல்ல."

"பொய்யாவும் இருக்கலாமே மேடம்?"

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேடம் மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டார்.

பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தும் ஒரு மனுஷி இப்படி நிம்மதியாக வேலையைப் பார்க்க முடியும் என்பது செக்கருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

அடுத்த வாரம் சிவப்புச் சட்டை மறுபடியும் வந்தான். அன்று போட்டிருந்தது நீலம். ஆனால் செக்கருக்கு அவன் சிவப்புச் சட்டைதான். கேள்வி, "ஆமா", கதவு. அதற்கடுத்த வாரமும் வந்தான். அன்று அவன் திரும்பிப் போகும்போது செக்கரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? மேடம்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க."

"அன்னைக்கு வாய்க்காலைத் தாண்டிக் குதிச்சீங்களே."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. காதிலிருந்த கருவியைக் கழற்றினான். "பின்னாடியே வந்தீங்களா?"

செக்கர் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"குதிச்சதைப் பார்த்தீங்க. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போய் என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா?"

"என்ன ஆச்சு தம்பி?"

அவன் கருவியை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டான். "உங்க கேள்விக்கு ஆமான்னு சொன்னேன்ல. அவ்வளவுதான் நான் சொல்லணும்" என்றான். வண்டி சாலையில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி மறைந்தது.

அவன் பிறகு வரவே இல்லை.

இங்கேதான் செக்கரின் பழைய கணக்கெல்லாம் குழம்பியது. டிக்கெட் இல்லாதவனின் கோபத்தையும், டிக்கெட் வைத்துக்கொண்டே சந்தேகத்துக்கு ஆளானவனின் கோபத்தையும் அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ரயிலில் அடுத்த நிமிடம் பையிலிருந்து ஒரு சீட்டு வெளியே வரும், அல்லது வராது. இவனிடம் எந்தப் பையைத் தேடுவது? ஒரு பொய்யனை விரட்டியிருக்கிறார், அல்லது ஒரு நோயாளியை விரட்டியிருக்கிறார். இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்விட்டான். தெருவில் யாராவது சிவப்பில் சட்டை போட்டுக்கொண்டு போனால் அவர் கழுத்து தானாகத் திரும்பியது.

ஒருநாள் மத்தியானம் மனைவியின் கடைக்குப் போய், சோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"கண்ணைப் பாரு. சரியில்லையோன்னு தோணுது."

மனைவி அவர் மூக்கில் கனமான இரும்புச் சட்டகத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்தார். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"நீயே பார்த்துச் சொல்லேன்."

"உங்க கண்ணுக்குள்ள பூந்து நான் பார்க்க முடியுமா? நீங்க சொல்றதைத்தான் நான் எழுதணும்."

செக்கர் சட்டகத்தோடு நிமிர்ந்தார். "வர்றவங்க பொய் சொன்னா?"

"சொல்லுவாங்க. டிரைவர் வேலைக்குப் போகணும்னு எழுத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. கண்ணாடி போட ஆசைப்பட்டு, தெரியலை தெரியலைன்னு சொல்ற பிள்ளைங்க இருக்கு."

"நீ கண்டுபிடிச்சுடுவியா?"

"சில பேரை. மத்தவங்க என்னை ஏமாத்திட்டுப் போயிடுவாங்க."

"அப்புறம் எப்படி உனக்குத் தூக்கம் வருது?"

"படுத்தா வருது" என்றார் மனைவி.

செக்கர் சிவப்புச் சட்டை விஷயத்தை முழுசாகச் சொன்னார். மனைவி வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அவன் சொன்னது பொய்யின்னே வையுங்க. தோட்டத்துக்கு என்ன கெட்டுப்போச்சு?"

செக்கர் யோசித்தார். "ஒண்ணும் இல்ல."

"உண்மையா இருந்தா?"

சட்டகம் மூக்கை அழுத்தியது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, போன வருடத்துப் பவரேதான் என்று மனைவி சொன்னபோது, அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கேள்வி கேட்கிற முறையை மட்டும் அவர் மாற்றிக்கொண்டார். முகத்தைப் பார்ப்பதில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்த்தால் படிக்கத் தோன்றும். படித்தால் பின்னாலேயே போகத் தோன்றும். "என்னண்ணே, என் டயர்ல காத்து கம்மியா இருக்கா?" என்று ஒருமுறை டீச்சரே கேட்டுவிட்டார். அவரிடம் கேள்வி கேட்க வேண்டிய அவசியமில்லைதான்; ஆனால் ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்டால் எங்கே தடுக்கி விழுவோம் என்று செக்கருக்குப் பயம்.

இப்படி ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது, வானம் மூடியிருந்த ஒரு சாயங்காலம், தொந்தியும் அலுவலக அடையாள அட்டையுமாக ஒருவர் புத்தம்புது வண்டியில் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார். கம்பியில் சுற்றிய பிளாஸ்டிக் காகிதம்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

செக்கர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அந்த மனிதர். "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆசையா வாங்கினேன். ரோட்டுல ஓட்டப் பயமா இருக்கு, உள்ள ஓட்டிப் பழகலாமான்னு வந்தேன்."

செக்கர் தலையை நிமிர்த்தினார். அவரையும் அறியாமல் முகத்தைப் படித்தார். தூங்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, பையைத் தட்டவில்லை. இந்தக் கதவுக்கு வந்த இத்தனை பேரில் சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் அவர் முழுசாக நம்பிய முதல் ஆள் இவர்தான். இவரைத்தான் நிறுத்த வேண்டும்.

"ஆமான்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"அது பொய்யாயிடுமேங்க?"

"ஆகும்" என்றார் செக்கர். கொஞ்சம் யோசித்து, "வண்டியை இங்க விட்டுட்டு நடந்து போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

"பத்திரமா இருக்குமா?"

"நான் இருக்கேன்."

அந்த மனிதர் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டுகூடக் கேட்காமல், குளத்துப் பக்கம் நடந்து போனார். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி அணைந்திருந்ததால் தானாக நிற்கவில்லை. அதை நிறுத்தி வைக்கிற காலை எங்கே மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று செக்கர் குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. சுவரில் சாய்த்தால் சறுக்கியது. கடைசியில் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் நின்று, அவரையும் வண்டியையும் பார்த்துவிட்டுக் கனிவாகக் கேட்டார்: "பாவம், உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

செக்கர் பனைமர உச்சியைப் பார்த்தார். "எனக்கா?" என்றார். பிறகு, "உள்ள போங்க சார். மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார்.